முன் வீடு, பின் வீடு ரெண்டுக்கும் ஒரே வைஃபை: நாங்க செட் பண்ண கதை

ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு வீடு எங்களுக்கு. முன்னாடி நாங்க, பின்னாடி அண்ணன் குடும்பம், நடுவுல ஒரு 40 மீட்டர் இருக்கும். இன்டர்நெட் லைன் வர்றது முன் வீட்டுக்கு மட்டும்தான். அண்ணி வீட்டுலருந்தே வேலை பாக்குறவங்க, மீட்டிங்னா லேப்டாப்ப தூக்கிட்டு ஜன்னல் ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்துருவாங்க, ஏன்னா அந்த வீட்டுல அந்த ஒரு எடத்துலதான் ரெண்டு கோடு சிக்னல் வரும். ஒரு நாள் மீட்டிங் நடுவுல கட் ஆகி அவங்க முகம் வாடிப்போனத பாத்ததும் இத எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடணும்னு முடிவு பண்ணேன்.

முதல்ல எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன், வர்ற வைஃபை சிக்னல வாங்கி திரும்ப அனுப்புற ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கி பின் வீட்டு ஹால்ல மாட்டினேன். போன்ல ஃபுல் சிக்னல் காட்டுச்சு, எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆனா ஸ்பீட் டெஸ்ட் போட்டா முன் வீட்டுல 95 எம்பிபிஎஸ் வர்ற லைன் அங்க 8, 9தான் வருது. ரெண்டு நாள் மண்டைய பிச்சுக்கிட்ட அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த ஃபுல் சிக்னல் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் நடுவுல உள்ளது, ரிப்பீட்டருக்கு ரவுட்டர்லருந்து வர்ற சிக்னல் பழையபடி வீக்காதான் இருக்கு. அது போக ஒரே சேனல்லயே (ஒரே அலைவரிசைல) வாங்கி அதே சேனல்லயே திருப்பி அனுப்புறதால ஸ்பீடு பாதிக்குப் பாதி அங்கயே போயிடுது. ரிப்பீட்டர் வைக்கணும்னா நல்ல சிக்னல் இருக்குற எடத்துல வைக்கணும், அந்த எடம் எங்களுக்கு நடு முற்றத்துல வெட்டவெளில வருது.

நெட்வொர்க் வேலை பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட கேட்டேன். அவன் சொன்னது ஒரே விஷயம்தான், "ரெண்டு வீட்டையும் வைஃபைல இணைக்காத, ஒயர்ல இணை. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் தனித்தனியா வைஃபை குடு". 100 மீட்டர் வரைக்கும் சாதாரண ஈத்தர்நெட் கேபிளே தாங்கும், நமக்கு 40 மீட்டர்தான். கேட்6ங்கற வகை ஈத்தர்நெட் கேபிள் வாங்கி, தண்ணி பைப்புக்கு பக்கத்துல ஒரு பிவிசி பைப் பதிச்சு, அதுக்குள்ள நைலான் கயிறு விட்டு அண்ணன் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் தள்ளி ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதுலயே போச்சு.

கேபிள் முனைல கனெக்டர வச்சு அழுத்துற கிரிம்பிங் வேலைய நானே பண்ணேன். நெட் வந்துருச்சு, ஆனா கேபிள் சொருகுற போர்ட்ல லைட் பச்சைக்கு பதிலா ஆரஞ்சுல எரிஞ்சுது, அதாவது 1000 எம்பிபிஎஸ்ல ஓட வேண்டிய லிங்க் 100லதான் ஓடுது. கனெக்டர கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தா எட்டு ஒயர்ல பிரவுன் ஒயர் மட்டும் முனை வரைக்கும் போகாம ஒரு நூல் அளவு உள்ளயே நின்னுருக்கு. நாலு ஒயர் சரியா இருந்தாலே 100 ஓடிடும், 1000 வரணும்னா எட்டும் ஒக்காந்திருக்கணும். வெட்டிட்டு மறுபடி அடிச்சதும் பச்சை வந்துச்சு.

அடுத்து வந்த பிரச்சனைதான் ரொம்ப பேருக்கு வர்றது, அதனால விவரமாவே சொல்றேன். பின் வீட்டுல பழைய ரவுட்டர் ஒண்ண வச்சு கேபிள அதோட வேன் (WAN) போர்ட்ல, அதாவது வெளிய இருந்து வர்ற இன்டர்நெட் லைனுக்கான போர்ட்ல சொருகியிருந்தேன். நெட் வருது, யூட்யூப் ஓடுது, ஆனா அண்ணி பிரிண்ட் குடுத்தா முன் வீட்டுல இருக்குற பிரிண்டர் தெரியவே மாட்டேங்குது. அவங்க போன்ல ஐபி, அதாவது நெட்வொர்க்ல அந்த போனுக்கு உள்ள நம்பர பாத்தா 192.168.0ல ஆரம்பிக்குது, என்னோடது 192.168.1. ரெண்டு ரவுட்டரும் தனித்தனியா ஐபி குடுத்துக்கிட்டு ரெண்டு தனி நெட்வொர்க்கா ஓடிக்கிட்டு இருக்கு. இதுக்கு என்ன பண்ணணும்னா, ரெண்டாவது ரவுட்டரோட ஐபிய 192.168.1.2ன்னு மாத்தணும், அந்த நம்பர முதல் ரவுட்டர் வேற யாருக்கும் குடுக்காத மாதிரியும் பாத்துக்கணும், அப்புறம் ரெண்டாவதுல டிஹெச்சிபிய (ஐபி குடுக்குற வேலைய) ஆஃப் பண்ணணும், கேபிள வேன் போர்ட்லருந்து எடுத்து லேன் (LAN) போர்ட்ல, அதாவது வீட்டுக்குள்ள இருக்குற கருவிங்களுக்கான போர்ட்ல சொருகணும். சில ரவுட்டர்ல ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு ஒரு பட்டனே இருக்கும், அத அமுக்கினா இதெல்லாம் அதுவே பண்ணிக்கும். எங்களோடதுல இல்ல, அதனால கையாலதான் மாத்தினேன்.

மூணு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு ராத்திரி பயங்கர இடி. காலைல பாத்தா பின் வீட்டு ரவுட்டர் செத்துப்போச்சு, முன் வீட்டு ரவுட்டர்ல அந்த கேபிள் சொருகியிருந்த போர்ட் மட்டும் போச்சு. மனசு ஒடிஞ்சுபோச்சு எனக்கு. ஃப்ரெண்டுக்கு போன் பண்ணா அவன் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு வீட்டுக்கும் கரண்ட் கனெக்ஷன் தனியா?" ஆமா தனிதான், எர்த்தும் தனி. பக்கத்துல எங்க இடி விழுந்தாலும் ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் ஏறி இறங்கும், அதுக்கு நாமளே செம்புல ஒரு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. வேற வேற கட்டடத்துக்கு நடுவுல ஒயர் இழுக்குறவங்க தயவுசெஞ்சு இத முதல்லயே யோசிச்சுக்கோங்க.

ஃபைபர் போட்டா அந்தத் தொல்லையே இல்ல, அது கண்ணாடி இழை, அதுல வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. ஆனா சில ஃபைபர் கேபிள்ல பலத்துக்காக உள்ள ஸ்டீல் கம்பி வச்சிருப்பாங்க, கம்பி இல்லாததா கேட்டு வாங்கணும். ரெண்டு முனைலயும் கனெக்டர் போட்டே வர்ற 50 மீட்டர் கேபிள் வாங்கினோம், அதே பைப்புல பழைய கேட்6 கேபிளோட முனைல இத டேப் சுத்திக் கட்டி பழச உருவ உருவ புதுசு உள்ள போயிடுச்சு, அரை மணி நேர வேலைதான். கனெக்டர் மூடிய மட்டும் கழட்டாம இழுங்க, முனைல தூசி பட்டா லிங்க் சரியா வராது. ரொம்ப மடக்கவும் கூடாது.

ரெண்டு பக்கமும் ஃபைபர் வெளிச்சத்த ஈத்தர்நெட் சிக்னலா மாத்துற மீடியா கன்வர்ட்டர் மாட்டினா லிங்க் லைட்டே எரியல. பெட்டிய திருப்பிப் பாத்தா ரெண்டுலயும் 'ஏ' (A) அப்படின்னு போட்டிருக்கு. ஒரே இழைல போறதும் வர்றதும் ஓடணும்னா ஒரு முனை 1310 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்துல அனுப்பி 1550ல வாங்கணும், இன்னொரு முனை அதுக்கு நேர் மாறா இருக்கணும், அதாவது ஒண்ணு ஏ, ஒண்ணு பி. கடைல போய் ஒண்ண மாத்திட்டு வந்து சொருகின உடனே லைட் எரிஞ்சுது. அண்ணன் கைதட்டினாரு.

வைஃபை பேரு, பாஸ்வேர்டு ரெண்டு வீட்டுலயும் ஒண்ணேதான். சேனல் மட்டும் வேற வேற, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல முன் வீடு 1, பின் வீடு 11. ஒரே ஒரு எரிச்சல் இருந்துச்சு, முன் வீட்டுலருந்து பின் வீட்டுக்கு நடந்து போனா போன் முன் வீட்டு ரவுட்டரயே விடாம புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எப்ப மாறணும்னு முடிவு பண்றது போன்தான், ரவுட்டர் இல்ல. முன் வீட்டு ரவுட்டரோட டிரான்ஸ்மிட் பவர (சிக்னல் அனுப்புற பலத்த) மீடியத்துக்கு குறைச்சேன், முற்றத்த தாண்டும்போதே சிக்னல் விழுந்து போன் தானா மாறிக்குது. பவர கூட்டுனாதான் நல்லதுன்னு நெனச்சுட்டு இருந்தவன் நான், இது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருந்துச்சு.

பின் வீட்டுல இப்ப 90க்கு மேல வருது. அண்ணி உள் ரூம்ல கதவ சாத்திட்டு மீட்டிங் பேசுறாங்க. முன் வீட்டுல கரண்ட் போனா ரெண்டு வீட்டுக்கும் நெட் போயிடுது, அது ஒண்ணுதான் பாக்கி. ரவுட்டருக்கும் கன்வர்ட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் பாத்து வச்சிருக்கேன், ரெண்டுக்கும் அடாப்டர் வோல்டேஜ் வேற வேறயா இருக்கு, அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு அவுட்புட் உள்ளதா வாங்கணும்.