ரீலோடிங் கட்டுபடியாகுமா? 100 கூட்டில் போட்ட கணக்கு

சுட்டு முடித்த கூட்டில் புதிய பிரைமர் (அடியில் உள்ள, தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டா செய்வதுதான் ரீலோடிங். அப்படிச் செய்த நூறாவது .308 ரைபிள் தோட்டாவை நேற்று இரவு பெட்டியில் வைத்தேன். மூன்று வாரம் இழுத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். சுடுதளத்தில் சும்மா கிடைக்கிறதே என்று ராணுவப் பித்தளைக் கூடுகளை அள்ளி வந்தேன்.

வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரையைப் பார்த்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். பழைய பிரைமர் ஒழுங்காகவே வெளியே வருகிறது. புதியதை அழுத்தினால்தான் குழியின் வாயில் உள்ள கிரிம்ப் விளிம்பில் (பிரைமர் கழலாமல் இருக்க நசுக்கிவிட்ட ஓரம்) இடித்து, பாதி இறங்கி, ஒரு பக்கமாக நசுங்குகிறது. முதல் நாளிலேயே 7 பிரைமர் வீண்.

சரி, கையால் சுரண்டிவிடலாம் என்று ரீமரை எடுத்தேன். அது அதைவிட மோசம். கொஞ்சம் அதிகமாகச் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது, 4 கூடுகளில் பிரைமர் விரலால் தள்ளினாலே இறங்கியது. அவை நேராகப் பழைய பித்தளைக்குப் போயின.

அப்புறம்தான் ஸ்வேஜ் கருவி வாங்கினேன். அது பித்தளையை வெட்டாது, கிரிம்பை அழுத்தி ஒதுக்கிவிடும். ஆனால் கூட்டுக்குள் நிற்கும் தாங்குகம்பியின் உயரத்தை ஒருமுறை வைத்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்தது மடத்தனம். அடிப்பகுதியின் கனம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. ஒன்றில் கிரிம்ப் அப்படியே இருக்கும், இன்னொன்றில் குழியின் வாய் அகன்றுவிடும். கடைசியில் முத்திரை வாரியாகக் குவியல் பிரித்து, குவியலுக்கு ஒருமுறை கம்பியைத் திருத்தினேன். அதற்குப் பிறகு பிரைமர் கூட்டின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே போய் ஒழுங்காக உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். மேலே எழும்பி நிற்கும் பிரைமர் செமி ஆட்டோ துப்பாக்கியில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) மூடும்போதே வெடிக்கக்கூடும். இதில் மட்டும் அவசரம் கூடாது.

ராணுவக் கூட்டின் சுவர் கனம், உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். அதனால் ரீலோடிங் கையேட்டில் உள்ள தொடக்க மருந்து அளவிலிருந்துதான் ஏறினேன்.

இப்போது காசுக் கணக்கு. ஒரு பவுண்டு வெடிமருந்து 7000 கிரெய்ன், .308க்கு ஏறத்தாழ 160 தோட்டா வரும். அதோடு பிரைமரும் மேட்ச் (போட்டித் தர) குண்டும். கடையில் விற்கும் சாதாரணத் தோட்டாவோடு ஒப்பிட்டால் மிச்சம் சொற்பம். மேட்ச் தோட்டாவோடு ஒப்பிட்டால் பாதி விலை. ஆகவே, இல்லாவிட்டால் எதை வாங்கியிருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது இது. 100 கெஜத்தில் சாதாரணத் தோட்டாக்கள் எனக்கு ஒன்றரை அங்குலப் பரப்பில் விழும், ஒரே முத்திரை கொண்ட பெரிய குவியலில் செய்தவை ஓர் அங்குலத்துக்குள் விழுந்தன. 9மிமீ கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு, ஒருமுறைக்கு ஒரே வேலை செய்யும் என் ஒற்றைநிலைப் பிரஸ்ஸில் உட்காருவது நேரத்தைக் கரைக்கும் வேலை, அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்வேன்.

மூன்று வாரத்தின் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் மனைவி சிரிப்பாள். கிரிம்பை ஒருமுறை ஒதுக்கினால் போதும் என்பதால், இதே கூடுகள் அடுத்த தடவை ஒரு மாலையில் முடியும்.

பிரைமரை அடுத்த முறை ஒரே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்க வேண்டும், இருவேறு பெட்டிகளைக் கலந்தது பிடிக்கவில்லை. கூட்டின் கழுத்தைச் சூடுகாட்டிப் பதப்படுத்தவும் ஆசை, டார்ச் கூட வாங்கியாயிற்று. ஆனால் முத்திரை தேய்ந்துபோன 11 கூடுகள் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன. கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்க வேண்டும்.