புது பிசி தானா ஆஃப் ஆகுதா? எஸ்எம்பிஎஸ்ஸ மாத்தறதுக்கு முன்னாடி இதையும் பாத்துடுங்க

புதுசா அசெம்பிள் பண்ண பிசி தானா ஆஃப் ஆகுதுன்னு சொன்னா எல்லாரும் சொல்றது ரெண்டு விஷயம்தான், ஒண்ணு ஹீட்டு, இன்னொண்ணு எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி. நிறைய பேருக்கு அதுல ஒண்ணாதான் இருக்கும், அத நான் மறுக்கல. என் பிசில ரெண்டுமே இல்ல, ஆனா அது ரெண்டும் இல்லன்னு உறுதியாகறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இதே தொல்லைல மாட்டிட்டு இருக்கவங்களுக்கு உதவும்னு நடந்தத அப்படியே எழுதறேன்.

கேம் ஆடும்போது ஆஃப் ஆகாது. வீடியோ ரெண்டர் போட்டா கூட ஆகாது. சும்மா பிரவுசர் தொறந்து ஏதாவது படிச்சிட்டிருக்கும்போது பட்டுனு போயிடும். சில சமயம் விண்டோஸே ஷட்டிங் டவுன்னு காட்டிட்டு ஒழுங்கா அணையும், சில சமயம் ஒண்ணுமே சொல்லாம போகும். ரெண்டு விதமாவும் ஆகுதேங்கறதுதான் ரொம்ப குழப்பிச்சு, ஒழுங்கா அணைஞ்சப்ப எல்லாம் அது விண்டோஸ் அப்டேட் வேலைன்னு நெனச்சு அந்தப் பக்கம் தேடிட்டிருந்தேன்.

முதல்ல ஹீட்டு. இப்ப வர்ற ப்ராசஸர் எல்லாம் 95, 100 டிகிரி கிட்ட போனா முதல்ல தானே வேகத்த கொறைச்சுக்கும், அதையும் தாண்டிப் போனாதான் காப்பாத்திக்கறதுக்காக மொத்தமா அணையும். அதனால ஹீட்டுல ஆஃப் ஆகற மெஷின் பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே திணற ஆரம்பிச்சிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோங்கற சென்சார் பாக்கற சாஃப்ட்வேர்ல லாகிங்னு ஒரு வசதி இருக்கு, சென்சார் அளவு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே போகும், மெஷின் செத்தாலும் கடைசி வரி வரைக்கும் கிட்டத்தட்ட இருக்கும். அத ஓட விட்டு அடுத்த தடவ ஆஃப் ஆனதும் பாத்தா கடைசி வரில ப்ராசஸர் 40 டிகிரி சொச்சம்தான். கூலரையும் கழட்டிப் பாத்தேன், அடியில ஒட்டி வர்ற பிளாஸ்டிக் தாள் எல்லாம் உரிச்சுதான் இருந்துச்சு, ஹீட்ட கடத்தற பேஸ்ட் நல்லா பரவியிருந்துச்சு.

அடுத்து எஸ்எம்பிஎஸ். ஓசிசிடிங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர்ல பவர் டெஸ்ட் போட்டா ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்துல முழு லோடு இழுக்கும், வீக்கான சப்ளைனா அதுலயே விழுந்துடும். அசையவே இல்ல. 12 வோல்ட் லைன்ல 5 சதவீதம் வரைக்கும் ஏறி இறங்கலாம், அதாவது 11.4ல இருந்து 12.6 வரைக்கும் ஓகே, மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், லோடுலயும் 12க்கு மேலதான் நின்னுச்சு. இன்னொரு விஷயமும் கவனிச்சேன், எஸ்எம்பிஎஸ் ப்ரொடெக்‌ஷன் விழுந்து அணைஞ்சா பல மாடல்ல பின்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணி கொஞ்சம் வெயிட் பண்ணாதான் திரும்ப எழும், என்னோடது அடுத்த நிமிஷமே பட்டன தட்டினா வந்துடும்.

அப்பவும் மனசு கேக்காம ஃப்ரெண்டு கிட்ட இருந்து வேற எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டேன். இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸா, அதாவது கேபிள கழட்டி மாட்டற மாதிரி இருந்தா கேபிளையும் சேத்து மாத்துங்க, பழைய கேபிள அப்படியே புதுசுல சொருகிடாதீங்க. மதர்போர்டு பக்கம் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரே கம்பெனிலயே மாடலுக்கு மாடல் மாறும், கனெக்டர் அழகா உள்ள போகும், ஹார்டு டிஸ்க் புகைஞ்சிடும். நான் அதோட கேபிளோடதான் போட்டேன். அப்பவும் ஆஃப் ஆச்சு.

விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங் ஸ்க்ரீன்ல சும்மா விட்டு வெச்சாலும் ஆஃப் ஆச்சு, அதோட விண்டோஸ், டிரைவர், வைரஸ் எல்லாமே லிஸ்ட்ல இருந்து போச்சு. ராம் கோளாறுனா பொதுவா ப்ளூ ஸ்க்ரீன் வரும், ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும், இப்படி சத்தமில்லாம அணையறது அதோட குணம் இல்ல.

சரின்னு மதர்போர்ட வெளிய எடுத்து அது வந்த அட்டைப் பெட்டி மேலயே வெச்சு, பவர் பட்டன் வயர் சொருகற ரெண்டு பின்ன ஸ்க்ரூடிரைவரால தொட்டு ஸ்டார்ட் பண்ணி விட்டேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. திரும்ப கேபினெட்டுக்குள்ள போட்டா மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. போர்ட தாங்கற ஸ்டாண்ட்ஆஃப் ஸ்க்ரூ எதாவது போர்டுக்குப் பின்னாடி தப்பான எடத்துல தொடுதான்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன், எல்லாம் ஓட்டைக்கு நேராதான் இருந்துச்சு. ரொம்ப ஏமாத்துனது என்னன்னா கேபினெட்ட படுக்க வெச்சு ஏதாவது கேபிள அழுத்தி சரி பண்ணா அப்படியே பல மணி நேரம் ஓடும், ஆஹா இந்த கேபிள்தான் லூசுன்னு தோணும், நிமித்தி எடத்துல வெச்சதும் பழையபடி.

அப்பதான் விண்டோஸோட பதிவு எல்லாம் இருக்கற ஈவென்ட் வியூவர மறுபடி நிதானமா பாத்தேன். கெர்னல் பவர் 41ங்கற எர்ரர பாத்துட்டு எல்லாரும் பதறுவாங்க, ஆனா அது சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், போன தடவ மெஷின் ஒழுங்கா அணையலன்னு. காரணம் அதோட டீடெயில்ஸ் பகுதிக்குள்ள போனாதான் கெடைக்கும். அதுல பக்செக்கோட்னு ஒரு வரி, எனக்கு 0, அப்படின்னா ப்ளூ ஸ்க்ரீன் எதுவும் பதிவாகல. அதுக்குக் கீழ பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்னு ஒண்ணு இருக்கு. கரண்ட் போய் அணைஞ்சா அதுவும் 0வாதான் இருக்கும். எனக்கு பெரிய நம்பர் இருந்துச்சு. யாரோ பவர் பட்டன அழுத்திப் பிடிச்சு அணைச்சா வர்ற பதிவு அது. பட்டன் பக்கமே யாரும் போகல.

அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணோட ஒண்ணு பொருந்துச்சு. பவர் பட்டன 4 செகண்டுக்கு மேல அழுத்திப் பிடிச்சா மதர்போர்டே கரண்ட வெட்டிடும், விண்டோஸ் கிட்ட கேக்காது. அதே பட்டன லேசா தட்டினா விண்டோஸே ஒழுங்கா ஷட்டவுன் பண்ணும். பயாஸ்ல இருக்கும்போது பெரும்பாலான போர்டுல ஒரு தட்டுலயே உடனே ஆஃப். அதாவது உள்ள இருக்கற சுவிட்ச் சில சமயம் ஒரு நொடி ஒட்டுது, சில சமயம் ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. சில தடவ ஸ்க்ரீன் முதல்ல கறுத்து ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுதான் ஃபேன் நின்னுச்சு, அதுவும் இதனாலதான், எஸ்எம்பிஎஸ் விழுந்திருந்தா எல்லாம் ஒண்ணா போயிருக்கும்.

பவர் ஆப்ஷன்ல போய் பட்டன தட்டினா ஒண்ணும் செய்யாதேன்னு வெச்சேன். ஒழுங்கா அணையறது அத்தோட நின்னு போச்சு, திடீர்னு போறது மட்டும் மிச்சம். அடுத்து பவர் சுவிட்ச் வயர மட்டும் போர்டுல இருந்து உருவிட்டு ஸ்க்ரூடிரைவரால ஸ்டார்ட் பண்ணேன், நிமித்தி வெச்ச கேபினெட்லயே ஓடிட்டே இருந்துச்சு. உருவுன வயர மல்டிமீட்டர்ல கன்டினியூட்டில (ரெண்டு முனையும் உள்ள சேந்தா பீப் அடிக்கும்) வெச்சா, யாரும் தொடாம சும்மா இருக்கும்போதே விட்டு விட்டு பீப் வருது. முன் பேனல கழட்டிப் பாத்தா பட்டனுக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் தண்டு சுவிட்ச் மேலயே சாஞ்சு உக்காந்திருக்கு, ஃபேன் அதிர்ற அதிர்ச்சில அழுத்தி அழுத்தி விடுது. படுக்க வெச்சா தண்டு பின்னாடி நகந்துடும், அதான் அப்ப மட்டும் நல்லா ஓடியிருக்கு.

கேபினெட் கம்பெனி வாரண்டில புது பேனல் அனுப்பறோம்னாங்க. அது வர்ற வரைக்கும் ரீசெட் பட்டனோட வயர எடுத்து பவர் பின்ல சொருகிட்டேன், ரெண்டும் உள்ள ஒரே மாதிரி சுவிட்ச்தான், ரீசெட்ட தட்டினா பிசி ஆன் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். புது பேனல் வந்ததும் மாட்டறதுக்கு முன்னாடியே அத நிமித்தி வெச்சு, ஆட்டி, தட்டி எல்லாம் மீட்டர்ல பாத்தேன், அழுத்தினா மட்டும்தான் பீப் வந்துச்சு, அப்புறம்தான் போர்டுல சொருகினேன். அதுக்கப்புறம் 41 ஒண்ணு கூட வரல.