குறைந்த ஆக்சிஜனில் இதயச் செல்களை வளர்த்தபோது

தூண்டப்பட்ட பன்திறன் ஸ்டெம் செல்களிலிருந்து (வளர்ந்த உடலின் செல்லை, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பி எடுத்தவை) இதயத் தசைச் செல்களை உருவாக்குவது என் ஆய்வு. செல் எதுவாக மாறுவது என்பதை வழிநடத்தும் விண்ட் சமிக்ஞையை முதலில் தூண்டி, ஓரிரு நாள் கழித்து அடக்கினால், பத்து நாள் வாக்கில் தட்டின் அடியில் செல்கள் துடிக்கத் தொடங்கிவிடும். கருவில் இதயம் உருவாகும் இடத்தில் ஆக்சிஜன் குறைவு. நாம் மட்டும் ஏன் காற்றில் உள்ள அளவையே செல்லுக்கு ஊட்டுகிறோம் என்ற கேள்வி என்னை விடவில்லை.

நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றும் இன்குபேட்டரில் வேலை. திரை 5 விழுக்காடு என்று காட்டும். செல்லுக்குக் கிடைப்பது அந்த 5 அல்ல. செல்கள் மூழ்கிக் கிடக்கும் ஊட்டத் திரவமான வளர்ப்பு ஊடகத்தில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதன் பிறகு, அடியில் நெருங்கிக் கிடக்கும் செல்கள் இருப்பதையும் உறிஞ்சிக்கொள்வதால் அளவு இன்னும் கீழே போகும். அதனால் ஊடகத்தை முந்தைய இரவே உள்ளே வைத்துவிடுவேன். எல்லாத் தட்டுகளிலும் ஒரே ஆழத்துக்கு ஊற்றுவேன். யாராவது கதவைத் திறந்தால் எண் விறுவிறுவென ஏறும், எனக்கு வயிறு கலங்கும்.

பெரும்பாடு, எச்.ஐ.எஃப்-1 ஆல்பா என்ற புரதத்தைப் பிடிப்பதுதான். ஆக்சிஜன் இருந்தால் செல் அதை உடனுக்குடன் சிதைத்துவிடும். குறைந்தால் அது நிலைத்து, உட்கருவுக்குள் போய், ரத்தக் குழாய் வளர்ச்சிக்கும் குளுக்கோஸ் சிதைவுக்கும் வேண்டிய மரபணுக்களை முடுக்கும். இந்த நுட்பத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தட்டை வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் புரதம் கரைந்துபோகும். பனிக்கட்டியையும், செல்களை உடைக்கும் குளிர்ந்த கரைசலையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, எடுத்த கையோடு ஊடகத்தை உறிஞ்சி, கரைசலை ஊற்றிச் சுரண்டினேன். புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அந்தக் கறுப்புப் பட்டை அழுத்தமாக விழுந்த பிறகே, செல்கள் உண்மையில் ஆக்சிஜன் குறைவை உணர்ந்தன என்று நம்பினேன்.

எங்கள் செல்களில், தொடக்க நாட்களில் மட்டும் ஆக்சிஜனைக் குறைத்தபோது இதயத் தசையின் அடையாளப் புரதமான ட்ரோபோனின்-டி காட்டும் செல்கள் கூடின. கடைசிவரை குறைவாகவே வைத்தவற்றில் துடிப்பு தாமதமாக வந்தது, வலுவும் இல்லை. இது எனக்கு வியப்பளிக்கவில்லை. இன்னும் தசைச் செல்லாக மாறாமல் பெருகிக்கொண்டிருக்கும் முன்னோடிச் செல், ஆக்சிஜன் குறைந்தாலும் குளுக்கோஸைச் சிதைத்தே காலம் தள்ளிவிடும். முதிர்ந்த தசைச் செல் பெரும்பாலும் கொழுப்பு அமிலத்தை எரித்து உழைப்பது, அதற்கு ஆக்சிஜன் தாராளமாக வேண்டும்.

ஆக்சிஜனை உயர்த்தும் நாளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது அடுத்த வேலை. அதே தொகுதிச் செல்கள் பக்கத்துச் சாதாரண இன்குபேட்டரிலும் வளரும். அந்த ஒப்பீடு இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.