ஏஎல்ல ஒரு சி ரெண்டு எஸ், பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு நான் போன வழி

இலங்கை மலையகத்துல தலவாக்கல, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைங்க நிறையப் பேர் என்கிட்ட கேக்குறது இதுதான், ரிசல்ட் நல்லா இல்லன்னா அனலிஸ்ட் வேலைக்கு எடுப்பாங்களா, கிளாஸ் (சிறப்புச் சித்தி) இல்லாத டிகிரிய மதிப்பாங்களான்னு. பிசினஸ் அனலிஸ்ட்னா, ஒரு வேலை இப்ப எப்படி நடக்குது, சிஸ்டத்துல அத எப்படி மாத்தணும்னு ஆளுங்ககிட்ட கேட்டு எழுதிக் குடுக்குறவர். ரிசல்ட்ட பார்ப்பாங்க, ஆனா எதுவரைக்கும் பார்ப்பாங்கன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிரும், அதான் எழுதுறேன்.

ஏஎல்ல, அதாவது ஸ்கூல் கடைசிப் பரீட்சையில, நான் கொமர்ஸ். கணக்கீடு சி (கிரெடிட்), வணிகக்கல்வியும் பொருளியலும் எஸ் (சாதாரண பாஸ்). மூணும் பாஸ்தான், ஆனா கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்குற இசட் ஸ்கோர் எட்டல. அப்புறம் கொழும்பு யுனிவர்சிட்டியோட கம்பியூட்டர் பிரிவு யுசிஎஸ்சி நடத்துற பிஐடி (ஐடி பட்டம்) எக்ஸ்டர்னல் டிகிரிக்கு போட்டேன். வீட்ல இருந்தே படிக்கலாம், மொதல் வருஷம் முடிச்சா டிப்ளோமா, ரெண்டாவது முடிச்சா ஹையர் டிப்ளோமா, நடுவுல காசு இல்லாம நின்னாலும் கையில ஒரு சர்டிபிகேட் இருக்கும், எங்க மாதிரி வீடுகளுக்கு இது பெரிய விஷயம். எல்லாம் இங்கிலீஷ்ல, தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து அத தாண்டுறதுதான் கஷ்டம். முடிச்சேன், ஜிபிஏ (நாலுக்குப் போடுற சராசரி மார்க்) மூணுக்குக் கீழ.

ஜிபிஏ அடிச்சது அப்ளை பண்ற இடத்துலதான். பெரிய கம்பெனிங்க ட்ரெய்னிக்கு ஆள் எடுக்கும்போது ஃபோர்ம்லயே ஜிபிஏ கேக்குறாங்க, குறைஞ்சா அதுக்கு மேல நம்ம சிவிய யாரும் திறக்குறதே இல்ல. அது அநியாயம்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன், எக்ஸ்டர்னல்ல வேலை செஞ்சிக்கிட்டே படிச்ச பிள்ளையோட 2.7யும் முழுநேரமா படிச்சவரோட 2.7யும் ஒண்ணா? ஆனா ஃபோர்முக்கு அது தெரியாதே. அதனால சின்ன கம்பெனிங்களுக்கு, நேரா ஆள் பார்த்து எடுக்குற இடங்களுக்கு, ஒரு சாம்பிள் வேலையோட சிவி அனுப்ப ஆரம்பிச்சேன்.

அந்த சாம்பிள்தான் என்னைய உள்ள கொண்டு போச்சு. எங்கம்மா தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க. மலையில கொழுந்து நிறுக்குறதுல இருந்து மாசக் கடைசியில சம்பளம் வர்ற வரைக்கும் என்ன நடக்குதுன்னு படமா வரைஞ்சேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தன கிலோ கழிக்கிறாங்க, அத யார் எழுதுறாங்க, அது செக்ரோலுக்கு (சம்பளப் பதிவுக்கு) எப்ப ஏறுது, கிலோ குறைஞ்சா அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) எப்படி விழுது, இது இப்ப இருக்குற நிலை. பிறகு, மாத்தினா எப்படி இருக்கணும்: நிறுத்த உடனே அவங்க கிலோவ அவங்க கண்ணால பார்க்கணும், தமிழ்ல மெசேஜ் வரணும், மலையில சிக்னல் இல்லன்னாலும் கணக்கு பதியணும், ஆபீஸுக்கு வந்ததும் தானா ஏறணும். மலையில வேலை பார்க்குற கணக்கப்பிள்ளைக்கு என்ன வேணும், ஆபீஸ் கிளார்க்குக்கு என்ன வேணும், ஃபேக்டரிக்கு என்ன வேணும்னு தனித்தனியா கேட்டு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் யூசர் ஸ்டோரி (யாருக்கு என்ன வேணும், ஏன்னு ஒரு வரி), அது சரியா வந்திருக்கான்னு பார்க்க அக்செப்டன்ஸ் கிரைடீரியா.

இன்டர்வியூவுல பாதி நேரம் இதப் பத்தித்தான் பேசினாங்க. கழிச்ச கிலோவுக்கு தொழிலாளி ஆட்சேபன சொன்னா சிஸ்டம் என்ன செய்யும்னு ஒருத்தர் கேட்டார், நான் அத யோசிச்சே வச்சிருந்தேன், ஏன்னா எங்க லயத்துல தினமும் அந்தப் பேச்சுதான். ஏஎல் ரிசல்ட்ட ஒருத்தரும் கேக்கல. ஓஎல் (பதினோராம் வகுப்புப் பரீட்சை) இங்கிலீஷும் கணிதமும் மட்டும் பார்த்தாங்க, அதுவும் மேலோட்டமா. டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற எஸ்கியூஎல்ல சின்னதா ஒரு டெஸ்ட், ரெண்டு டேபிள ஜோயின் பண்றது அளவுக்குத்தான்.

அதுக்காக டிகிரி வேணாம்னு யாரும் எடுத்துக்காதீங்க தம்பி தங்கச்சிகளா. எங்க டீம்ல கிளாஸ் இல்லாதவங்க இருக்காங்க, டிகிரியே முடிக்காதவங்க ஒருத்தரும் இல்ல. எந்தப் பாடத்துல டிகிரின்னு அவ்வளவு பார்க்கல, அக்கவுன்டிங் படிச்சவங்களும் இருக்காங்க.

ஐஐபிஏன்னு பிசினஸ் அனலிஸ்ட்டுங்களுக்கான சர்வதேச அமைப்பு குடுக்குற சர்டிபிகேட் பத்தியும் கேக்குறீங்க. அதுல மொதல் படி ஈசிபிஏ, அத எழுத அனுபவம் தேவையில்ல, ஆனா காசு டாலர்ல கட்டணும், வேலை கிடைக்க முன்னாடி வீட்டுல கடன் வாங்கி அத எழுதத் தேவையில்லன்னுதான் நான் சொல்லுவேன், அந்தக் காச இங்கிலீஷ் பேசப் பழகப் போடுங்க. அடுத்தது சிசிபிஏ, அதுக்கு 3750 மணித்தியால அனலிஸ்ட் வேலை காட்டணும், அதனால ட்ரெய்னியா சேர்ந்த மொதல் நாள்ல இருந்தே என்ன செஞ்சீங்க எத்தன மணித்தியாலம்னு ஒரு எக்செல்ல எழுதி வைங்க.