கொழுந்துத் தராசுக்கு எந்த மொழி?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிரலாக்கம் படிக்க வரும் ஹட்டன், தலவாக்கலைப் பிள்ளைகள் சி என்ற நிரல்மொழியில் தொடங்குவதா, பைத்தானில் தொடங்குவதா என்று கேட்கும்போது, நிரல் எங்கே ஓடப்போகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மின்னணுத் தராசு ஒன்றை நாமே செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையிலுள்ள ஏடிமெகா328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட்டும், ஓடும்போது தரவு வைக்க 2 கிலோபைட்டும்தான் உண்டு. சிறு சில்லுகளுக்கென்றே சுருக்கப்பட்ட பைத்தானான மைக்ரோபைத்தான்கூட நிரலுக்கு 256 கிலோபைட்டும் தரவுக்கு 16 கிலோபைட்டும் கேட்கிறது. ஆகவே சி, அல்லது சி++. வேறு பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் சியை எடுத்தால் அதன் பொறுப்புகளும் நம் தலையில்தான் விழும். சியில் முழு எண்ணை வைக்கும் வழக்கமான வகையான இன்ட், அந்தச் சில்லில் 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. எடையைக் கிராமில் கூட்டினால் 33 கிலோவைக்கூட அது தாங்காது. கொழுந்து நன்றாக வரும் காலத்தில் ஒருவரின் காலை, பகல், மாலை நிறுவைகளைக் கூட்டும்போது தொகை அந்த எல்லையைத் தாண்டினால், பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரையில் ஒரு மறை எண் வந்து நிற்கும். இன்டுக்குப் பதிலாக லாங் என்ற பெரிய வகையாக அறிவித்தால் 32 பிட் கிடைக்கும். ஆனால் அதை அறிவிக்க வேண்டும் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பைத்தானிலோ முழு எண் தேவைக்கேற்ப வளரும். எடையைப் பார்த்துக் கூலி போடும் இடத்தில் இது சின்ன விடயமல்ல.

அந்தத் தராசின் பதிவுகளைச் சேர்த்து மாத முடிவில் கணக்குத் தாள் அச்சிடுவதற்குப் பைத்தான்தான் சரி. சியில் எழுதினால் நினைவகத்தை ஒதுக்குவதையும் விடுவிப்பதையும் நாமே கவனிக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஓடும் நிரல் சில நொடிகள் கூடுதலாக எடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. வேகம் தேவைப்பட்டால், எண் கணக்குகளுக்கான நம்பை போன்ற நூலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், இருக்கின்றன. அவற்றின் கனமான பகுதிகள் சியில்தான் எழுதப்பட்டுள்ளன. நாம் வழக்கமாக நிறுவும் பைத்தானே சியில் எழுதப்பட்டதுதான்.

2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் என்ற மொழி, நினைவகப் பிழைகளில் பெரும்பாலானவற்றை நிரலை ஓட்டுவதற்கு முன், இயந்திர மொழிக்கு மாற்றித் தொகுக்கும்போதே பிடித்துவிடுகிறது. எனக்குப் பிடித்த மொழி. ஆனால் முதல் மொழியாக அதை யாருக்கும் நான் சொல்வதில்லை. பைத்தானில் தொடங்கி, கை பழகியதும் மலிவான ஒரு பலகையை வாங்கிச் சியில் எதையாவது ஓடவையுங்கள் என்றே சொல்கிறேன்.