மைக்கேல் வில்சனுக்கு ஒரு கையேடு

எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் மைக்கேல் வில்சன் எழுதிய படங்களை வரிசையாகத் திரையிடலாம் என்று முடிவானதும், கையேடு தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. வழக்கமாக ஒரு மாலையில் முடிகிற வேலைதான். படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், திரைக்கதை, கீழே ஒரு சின்ன அறிமுகம். வில்சன் விஷயத்தில் 'திரைக்கதை' என்ற அந்த ஒரு வரியை நிரப்பவே வாரக்கணக்கில் ஆகிவிட்டது. கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற சந்தேகத்தில் ஹாலிவுட் வேலை தராமல் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியல் காலத்து எழுத்தாளர்களைப் பற்றி எழுத நினைக்கும் யாருக்காவது உதவும் என்று அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1914இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். 1951 செப்டம்பரில், அமெரிக்கக் கீழவையின் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு, கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பு பற்றிக் கேட்டது. பதில் சொல்ல மறுத்தார், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறே மாதத்தில், 1952 மார்ச்சில், 'எ ப்ளேஸ் இன் தி சன்' படத்துக்காக ஹாரி பிரவுனுடன் சேர்ந்து ஆஸ்கர் பெற்றார். அந்த விருதுக்குப் பிறகும் எந்த ஸ்டூடியோவும் அவருக்கு வேலை தரத் துணியவில்லை. 1950களின் நடுவில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவர், 1964இல்தான் திரும்பினார். அந்த இடைவெளியில் அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை.

வேலையை 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்திலிருந்து தொடங்கினேன். எங்களிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. பழையதில் டைட்டில் ஓடும்போது, நாவலாசிரியர் பியர் புல்தான் திரைக்கதையும் எழுதினார் என்று வருகிறது. பிறகு புதுப்பிக்கப்பட்ட பிரதியில் அதே காட்டின் மேல், அதே எழுத்துருவில், கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் என்று இரண்டு பெயர்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படம் அதேதான், எழுதியவர்கள் மட்டும் வேறு.

முதல் வரைவை எழுதிய ஃபோர்மனும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர், லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். அவருக்குப் பின் இயக்குநர் டேவிட் லீனோடு உட்கார்ந்து எழுதியவர் வில்சன். புல் பிரெஞ்சில் எழுதுகிற நாவலாசிரியர். அவருடைய நாவலில் பாலம் தப்பிவிடுகிறது, படத்தில் ஆற்றோடு போகிறது. கதையின் முடிவையே மாற்றிய அந்த உழைப்புக்கு 1958இல் ஆஸ்கர் கிடைத்தபோது, அறிவிக்கப்பட்ட பெயர் புல்லுடையது. மேடையேறி வாங்கியவர் நடிகை கிம் நோவாக். வில்சன் 1978இல் இறந்தார், ஃபோர்மன் 1984 ஜூனில். அந்த ஆண்டின் கடைசியில்தான் ஆஸ்கர் வழங்கும் அகாடமி விருதை இவர்கள் பெயருக்கு மாற்ற முடிவெடுத்தது. 1985இல் இருவரின் மனைவிமாரிடம் கொடுத்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

(இந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துள்கலவில். படத்தில் வரும் பாலம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்கானது. அந்த வேலைக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள், ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள். படத்தின் கதை பிரிட்டிஷ் கைதிகளைச் சுற்றித்தான் போகிறது. கையேட்டில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன்.)

அடுத்து 'ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்'. என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். 1956இல் வெளியானபோது திரைக்கதை என்று யார் பெயரும் இல்லை. வில்சன் அதை 1940களிலேயே எழுதிவிட்டார். யாருக்குப் பெயர் போடுவது என்ற பஞ்சாயத்து ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்துக்குப் போனது, எழுதியது வில்சன்தான் என்று சங்கமே சொன்னது. அப்படியும் ஏன் பெயர் வரவில்லை? விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்தவர்களின் பெயரை நீக்கிக்கொள்ளலாம் என்று 1952இலேயே அதே சங்கம் ஸ்டூடியோக்களுக்குச் சம்மதம் கொடுத்திருந்தது. சொந்தச் சங்கமே கைவிட்ட இந்தக் கதை நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. படம் பரிந்துரைப் பட்டியலுக்கு வரப்போகிறது என்றதும், 1957 பிப்ரவரியில் அகாடமி அப்படிப்பட்டவர்களுக்கு விருதுத் தகுதி இல்லை என்று ஒரு விதியே கொண்டுவந்தது. எழுத்துக்குப் பரிந்துரை உண்டு, எழுதியவருக்குத் தகுதி இல்லை என்றார்கள். 1959 ஜனவரியில் அந்த விதியை எடுத்தார்கள். வில்சனின் பெயர் படத்தில் ஏறியது 1996இல்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்கும் இதே கதி. ஓராண்டுக்கு மேல் உழைத்துவிட்டு விலகினார், பிறகு வந்த ராபர்ட் போல்ட்டின் பெயர் மட்டும் திரையில் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 1995இல் வில்சனின் பெயரையும் சேர்த்தது.

அந்தக் காலத்திலும் அவர் பெயரோடு வந்த படம் ஒன்று உண்டு: 'சால்ட் ஆஃப் தி எர்த்', 1954. நியூ மெக்சிகோ துத்தநாகச் சுரங்கத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தக் கதை. இயக்குநர் ஹெர்பர்ட் பிபர்மன், தயாரிப்பாளர் பால் ஜாரிக்கோ, இருவரும் பட்டியலில் இருந்தவர்கள். நாயகி ரொசாவுரா ரெவுவெல்டாஸை நடுப் படப்பிடிப்பில் கைது செய்து மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். தியேட்டர்களில் படத்தை ஓட்ட ஆபரேட்டர்கள் சங்கம் ஒத்துழைக்கவில்லை. வில்சனின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. திரையிடலை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

கையேட்டைத் தட்டச்சு செய்த தம்பி கேட்டான்: "அண்ணே, டைட்டில்ல என்ன இருக்கோ அதைத்தானே நாம போடணும்? நாளைக்கு யாராவது பழைய டிவிடியைக் கொண்டுவந்து நீட்டினா?"

"நீட்டட்டும்டா. அதையும் சேர்த்தே போட்டுடுவோம்," என்றேன்.

அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு படத்துக்கும் திரைக்கதை வரியை இரண்டாகப் பிரித்தோம். வெளியானபோது இருந்த பெயர், எழுதியவர் பெயர், பக்கத்தில் திருத்தம் வந்த ஆண்டு. வில்சன், 1957, 1984 என்று பக்கத்தில் பார்க்கும்போது விளக்கமே தேவைப்படவில்லை.

இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு: ஒரு பிரதியை மட்டும் நம்பாதீர்கள். அகாடமி கொடுத்த திருத்தமும் எழுத்தாளர் சங்கம் கொடுத்த திருத்தமும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்த எழுத்தாளர் விசாரணைக் குழு முன் நின்ற தேதியை முதலில் குறித்துக்கொண்டால், எந்தப் படத்திலிருந்து பெயர் காணாமல் போகும் என்பது பிடிபட்டுவிடும். வில்சனின் காகிதங்கள் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, ஆய்வாளர்கள் அங்கே போகலாம்.

அடுத்ததாக டால்டன் ட்ரம்போ, இவரும் கறுப்புப் பட்டியலில் இருந்த எழுத்தாளர்தான். மெக்சிகோவில் இருந்தவர். 'ரோமன் ஹாலிடே'வுக்கு நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் பெயரிலும், 'தி பிரேவ் ஒன்'னுக்கு ராபர்ட் ரிச் என்ற புனைபெயரிலும் ஆஸ்கர் வாங்கியவர். அந்தக் கையேட்டுக்கு இரண்டு வரி போதாது என்று தம்பி இப்போதே அட்டவணையை மாற்றிக்கொண்டிருக்கிறான்.