அறிவுக் கோட்பாடுகளைத் தேர்வுக்குப் படிக்க ஒரு வழி

கல்வித் தத்துவத் தாளில் பலர் தொடாமல் விடும் பகுதி அறிவாராய்ச்சியியல், அதாவது அறிவு என்றால் என்ன, அது எப்படிக் கிடைக்கிறது என்று ஆராயும் துறை. குறிப்பேடுகளில் அது பெரும்பாலும் அட்டவணையாகவே வருகிறது. கொள்கை ஒரு பக்கம், அறிஞர் பெயர் நடுவில், 'கல்வியில் தாக்கம்' கடைசியில். அனுபவவாதம் என்றால் லாக், புலன்வழிக் கற்றல். அறிவுமுதல்வாதம் என்றால் டெக்கார்ட், தருக்கப் பயிற்சி. தேர்ச்சி பெற இது போதும். ஆனால் 'ஆராய்க', 'மதிப்பிடுக' என்று கேள்வி வந்துவிட்டால் அட்டவணை கைகொடுக்காது.

எல்லாக் கொள்கைகளையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்திய பிறகுதான் இந்தப் பகுதி எனக்குப் பிடிபட்டது. ஒரு மாணவருக்கு ஒன்று 'தெரியும்' என்று ஆசிரியர் எப்போது சொல்லலாம்? அந்தக் கேள்விக்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட உதாரணம் இது. 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்கிறோம். மாணவர் மேலே உள்ள 6ஐயும் கீழே உள்ள 6ஐயும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதுகிறார். விடை சரி. அவருக்கும் அதில் ஐயமில்லை. அதே முறையில் 12/24ஐச் சுருக்கினால் மறுபடியும் 1/4 வரும், வரவேண்டியதோ 1/2.

அறிவுக்கு உண்மை வேண்டும், நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கைக்குத் தக்க ஆதாரமும் வேண்டும் என்ற பழைய வரையறை இந்த இடத்தில் உயிர் பெறுகிறது. நம் மாணவரிடம் முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. பிளேட்டோவின் 'தியேட்டட்டஸ்' என்ற உரையாடல் நூல் இந்த வரையறையை எடுத்து அலசி, முடிவு காணாமலே விடுகிறது. மூன்றும் இருந்தாலும் போதாது என்று 1963இல் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் காட்டினார். கல்வித் தாளுக்குக் கெட்டியரைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும். அதைவிடக் கல்வித் தத்துவ அறிஞர் இஸ்ரேல் ஷெஃப்லர் 1965இல் செய்த வேறுபாடு அதிகம் உதவும்: உண்மையை நம்பினாலே 'தெரியும்' என்று சொல்வது மெலிந்த பொருள், ஆதாரத்தோடு நம்பினால்தான் அது வலிய பொருளில் 'தெரியும்'. நம் தேர்வுகள் இந்த இரண்டில் எதை அளக்கின்றன என்று கேட்டுவிட்டால், அறிவாராய்ச்சியியல் மதிப்பீட்டுக்குள் தானாக வந்துவிடுகிறது.

மூல நூல் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் பிளேட்டோவின் 'மேனோ'வைப் படியுங்கள். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அதில் சாக்ரட்டீஸ், கணிதம் படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தைக் காட்டி, அதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் நான்கடி என்கிறான்; பரப்பு பதினாறாகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பதாகிறது. பிறகு 'தெரியவில்லை' என்று திகைத்து நிற்கிறான். அந்தத் திகைப்பு அவனுக்கு நன்மையே செய்தது என்கிறார் சாக்ரட்டீஸ். கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் சதுரம் எழுகிறது. எல்லாக் குறிப்பேடுகளும் 'அறிவு என்பது நினைவுகூரல்' (ஆன்மா முன்பே அறிந்ததை மீட்பது) என்று எழுதிவிட்டு இங்கே நின்றுவிடும். அடுத்த வரிகளைத் தவறவிடாதீர்கள்: இப்போது அவனிடம் இருப்பது கனவுபோல் கிளம்பிய கருத்துதான், பலமுறை பல விதமாகக் கேட்கப்பட்டால்தான் அது அறிவாகும் என்று சாக்ரட்டீஸே சொல்கிறார். சரியான விடை வந்ததும் பாடம் முடிந்துவிட்டதாக எண்ணும் வகுப்பறைக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இனி கொள்கைகளை ஒவ்வொன்றாக அந்தப் பின்ன மாணவரிடம் அழைத்து வாருங்கள். அறிவு புலன்வழி வருகிறது என்னும் அனுபவவாதி ஒரு காகிதப் பட்டையை 24 பாகமாக்கி, 12 பாகத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வார். பகுத்தறிவையே அறிவின் மூலமாகக் கொள்ளும் அறிவுமுதல்வாதி, 64இல் உள்ள 6 அறுபது அல்லவா, 16இல் உள்ள 6 வெறும் ஆறல்லவா என்று இடமதிப்பிலிருந்து தொடங்குவார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டியூயி வழியில் சிந்திப்பவர் அந்த அடித்தல் முறையை ஒரு கருதுகோளாக எடுத்துக்கொண்டு, வேறு எண்களில் சோதித்து, அது உடைவதை மாணவரே காண விடுவார். அறிவை ஒதுங்கி நின்று பார்க்கும் காட்சியாகக் கருதியதை டியூயி கடுமையாக மறுத்தவர். உளவியலாளர் பியாஜே வழி வந்த, கற்பவரே அறிவைக் கட்டிக்கொள்கிறார் என்னும் கட்டுருவாக்கவாதி, பொதுக் காரணிகளை அடிப்பதைப் பார்த்த மாணவர் தனக்கென ஒரு விதியை அமைத்துக்கொண்டிருக்கிறார் என்பார். இந்த நான்கையும் இப்படி எழுதிப் பார்த்தால் எது எங்கே மோதுகிறது, எது எதோடு சேரும் என்பது தெளிவாகும். 'மதிப்பிடுக' என்பதற்கு வேண்டியதும் அதுதான்.

பலர் எழுதாமல் விடும் ஒரு கோணம் உரை, அதாவது பிறர் சொல்லக் கேட்டு அறிவது. பள்ளியில் கற்பதில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. பிறர் கருத்துகள் நம் மூளையில் மிதப்பதால் நாம் எள்ளளவும் கூடுதலாக அறிந்தவர் ஆவதில்லை என்பது லாக்கின் நிலை. இந்தியத் தத்துவத்தின் நியாய மரபோ காட்சி, அனுமானம், ஒப்புமை ஆகியவற்றோடு நம்பத்தக்கவரின் சொல்லையும் தனி அளவையாகவே, அதாவது அறிவு பெறும் வழியாகவே, ஏற்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகள் பத்தா, எட்டா, ஆறா என்ற ஆசிரியர்களின் வேறுபாடே பேசப்படுகிறது. இந்த விவாதத்தை லாக்கின் எதிரே வைத்து, ஆசிரியரின் சொல் எப்போது ஆதாரமாகும் என்று இரண்டு பத்தி எழுதிப் பாருங்கள். விடைத்தாள் தனித்துத் தெரியும். மேற்கத்திய வரிசையை மட்டும் ஒப்பிப்பது நம் மாணவர்களுக்கு நேரும் பெரிய இழப்பு என்பதே என் கருத்து.

தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949இல் சொன்ன 'இன்னது என்று அறிதல்', 'எப்படி என்று அறிதல்' என்ற பிரிவைச் செய்முறைப் பாடங்கள் பற்றிய வினாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினாவில் கலைத்திட்டம் என்ற சொல் இருந்தால் கல்வித் தத்துவ அறிஞர் பால் ஹெர்ஸ்ட்டிடம் போங்கள். கணிதம், இயற்கை அறிவியல், கலை போன்றவை தனித்தனி அறிவு வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சோதிக்கும் வழி தனி என்று 1965இல் வாதிட்டார். பின்னாளில் அவரே அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சமூக நடைமுறைகளிலிருந்து கல்வி தொடங்க வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதி 'ஹெர்ஸ்ட்டின் கருத்து' என்று முடித்தால் விடை பாதியில் நின்றுவிடும்.